மறுத்தவளுக்கு முதல் டீ

தாராவி
20 ஜூலை 2025

ஃபர்ஸானாவுக்கு முப்பிடாதி ஆச்சி எழுதுறது.

அன்னைக்கு உங்க வாப்பாவோட பை தைக்கிற கடையில இருந்தவங்க பேரை முதல்ல எழுதிப்போடுதேன். பின்னால யாரும் நான் அங்க இல்லன்னு சொல்லக் கூடாது. உங்க வாப்பா ஜமால். உங்க உம்மா நூர் நிஷா. கமிட்டி செக்ரட்டரி வானமாமலை. இட்லி போடுற கலைச்செல்வி. டெய்லர் உதுமான். வாசப்படிகிட்ட, சாரல் அடிக்கிற எடத்துல, என் தம்பி பொண்டாட்டி பூமாரி. அவளுக்கு எதுத்தாப்புல நான். அப்புறம் நீ. ஐதராபாத்துல இருந்தேன்னு சொல்லித் தப்பிச்சிராத. தையல் மிஷின் மேல சாத்திவச்ச போனுக்குள்ள உன் மூஞ்சி தெரிஞ்சுது. அப்பளம் மாதிரி என்னத்தையோ தின்னுக்கிட்டு இருந்த.

நீ போன் பண்ணுனா எடுக்க மாட்டேன். நீ குடுத்த போனை உங்க உம்மாகிட்டயே திருப்பிக் குடுத்தாச்சு. சொல்லணும்னா பேப்பர்ல எழுது. மூணாங்கிளாஸ் படிச்சவதான் நான். ஆனா நீ எழுதுற கோணக்கால் தமிழை வாசிக்க அது போதும்.

நம்ம சந்துல, இந்தக் கல்லியில, கூட்டம் எப்படி நடக்கும்னு சின்னப் புள்ளையில இருந்து நீ பாத்தவ. மறுப்பு இருக்கிறவங்க எந்திரிச்சு நின்னு மூஞ்சிக்கு நேரா சொல்லணும். சொல்லிட்டு உக்காந்ததும் முதல் டீ அவங்களுக்குத்தான். எம்புட்டுக் கத்தியிருந்தாலும் சரி, அந்த கிளாசைக் கையில வாங்கிட்டா அதுக்கு மேல ஒருத்தரும் அவங்கள ஒண்ணும் சொல்லக் கூடாது. என் தம்பி பூலோகம் உசுரோட இருந்தப்ப ஒவ்வொரு கூட்டத்துலயும் எதுக்காவது மறுப்புச் சொல்லுவான். டீக்காகவே எந்திரிக்கான்னு உங்க வாப்பா கேலி பண்ணுவாரு.

அன்னைக்கு மழை. கல்லியில முழங்கால் தண்ணி. பாதிப்பேர் வர முடியல. கல்லிய இடிச்சு மாடி வீடு கட்ட பில்டருக்குச் சம்மதம் குடுக்கிறதப் பத்தி எல்லாரும் உன்னோட ‘நம்ம கல்லி’ ஆப்புலயே பேசிக்கலாம்னு வானமாமலை சொன்னான். நீயும் போனுக்குள்ள இருந்து தலைய ஆட்டுன. அவ்வளவுதான். முட்டிக்கு முட்டி இடிக்க ஒரே கடைக்குள்ள உக்காந்துக்கிட்டு, அம்புட்டுப் பேரும் போனைப் பாத்துக் குனிஞ்சிட்டாங்க.

என் போன் வீட்டுல சார்ஜ்ல கெடந்துச்சு. குளிருக்குக் கையை முந்தானைக்குள்ள பொதிஞ்சுக்கிட்டு நான் மூஞ்சிகளப் பாத்துக்கிட்டு இருந்தேன். பூமாரி ஒத்த விரலால ரொம்ப நேரம் என்னத்தையோ எழுதுனா. எழுதிட்டு போனை மடியில வச்சா. கொஞ்சத்துல அது டிங்குனுச்சு. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் தகரத்துல மழை சொட்டுற மாதிரி விடாம. அவ சுத்தி இருக்கிறவங்களப் பாத்தா. யாரும் நிமிரல. கடைசியா என்னப் பாத்தா. என் மூஞ்சிய இல்ல, முந்தானைய. அப்புறம் எந்திரிச்சுத் தண்ணியில எறங்கிப் போயிட்டா.

உங்க வாப்பா கெட்டிலோட வந்தாரு. முதல் கிளாசை யாருக்கு நீட்டுறதுன்னு தெரியாம நின்னாரு. யாரும் எந்திரிச்சு மறுப்புச் சொல்லலையே.

மறுநாள் காலையில பூமாரி வானமாமலை வீட்டுக்குப் போயி சம்மதத் தாள்ல கையெழுத்துப் போட்டிருக்கா. கோலிய, அந்த ஒத்த ரூம் வீட்டைப் பூட்டி சாவிய அவன்கிட்டயே குடுத்திருக்கா. எங்க போறன்னு அந்தச் சவத்துப்பய கேக்கல. அன்னையில இருந்து ஆளைக் காணோம். ஊருக்குப் போகல. தேவ்நார்ல அவ தங்கச்சி வீட்டுக்கும் போகல.

அவ எழுதினது இப்ப யார் போன்லயும் இல்ல. என்ன எழுதினான்னு கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லுதாங்க. நீதான் அந்த ஆப்பைக் கட்டினவ. எனக்கு ரெண்டு வேணும். அவ எழுதினதை ஒரு எழுத்து விடாம எழுதி அனுப்பு. ஆப்புல பிடிக்கலைன்னு அவளுக்குக் கட்டைவிரலைக் கவுத்திக் காட்டினவங்க பேரை எழுதி அனுப்பு. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்.

முப்பிடாதி


ஐதராபாத்
30 ஜூலை 2025

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்க லெட்டர் கிடைச்சது. தமிழ்ல எழுதி ரொம்ப வருஷமாச்சு, தப்பு இருந்தா திட்டிக்கோங்க. நான் தின்னது அப்பளம் இல்ல, சிப்ஸ். ஆனா தின்னது உண்மைதான்.

பூமாரி அத்தை எழுதினது இது. அப்படியே பாத்து எழுதறேன்.

“நான் பூமாரி. எனக்கு சம்மதம் இல்ல. புது வீடு வேண்டாம்னு சொல்ல வரல. ஊரடங்குல லாரி ஏறிப்போன என் மகன் பேச்சிராஜா இன்னும் வரல. வந்தா இந்தக் கல்லியத்தான் தேடுவான். மாடி கட்டி நம்பர் போட்டுட்டா அவனுக்கு அடையாளம் தெரியாது. அவன் வர்ற வரைக்கும் இடிக்காதீங்க. என் பக்கம் யாராவது இருந்தா சொல்லுங்க. மதினி கோவப்படாதீங்க.”

அவ்வளவுதான் ஆச்சி. இதுக்குக் கீழ கட்டைவிரல் கவுந்த பொத்தானை வரிசையா அழுத்தியிருக்காங்க. கடையில இருந்தவங்க மட்டும் இல்ல, வீட்டுல இருந்தவங்களும். இருபத்தஞ்சு பேர் அழுத்தினா அந்தப் பதிவு தானா மறைஞ்சிரும். அப்படி எழுதி வச்சது நான்தான். எழுதினவங்க போன்ல மட்டும் ஒரு வரி வரும்: ‘இது பலருக்குப் பிடிக்காததால் மறைக்கப்பட்டது.’ அந்த வரியையும் நான்தான் எழுதினேன். காலேஜ் கேன்டீன்ல உக்காந்து, சிரிச்சுப் பேசிக்கிட்டே.

ஏன் வச்சேன்னு உங்களுக்குத் தெரியும். தண்ணி மோட்டார் தகராறுல ஒருத்தன் எங்க உம்மாவைப் பத்தி ஆப்புல அசிங்கமா எழுதினான். உம்மா அன்னைக்குச் சாப்பிடல. அந்த எழுத்து யார் கண்ணுலயும் படாம அழியணும்னு எனக்கு வெறி. அப்பதான் இந்தப் பொத்தானைக் கொண்டுவந்தேன். கல்லியே அழுத்திச்சு, அவன் எழுத்து போச்சு. நீங்ககூட எனக்கு நெத்தி வழிச்சு முத்தம் குடுத்தீங்க. அதை மறந்துட்டு இப்ப என்னை மட்டும் கூண்டுல ஏத்தறீங்க.

பேரு தர மாட்டேன் ஆச்சி. அழுத்தினா பேரு தெரியாதுன்னு சொல்லித்தான் எல்லாரையும் சேர்த்தேன். அதுவும் இல்லாம, உங்களை எனக்குத் தெரியும். பந்தியில இலை போடாதவனை முப்பது வருஷம் கழிச்சும் ரோட்டுல நிறுத்திக் கேக்கற ஆளு நீங்க. அவ்வளவு பேரோட பேரையும் தந்தா நீங்க யார் கூடத்தான் பேசுவீங்க?

என் மேல கோவமா இருங்க. பரவாயில்ல. ஆனா எழுதுங்க.

ஃபர்ஸானா


தாராவி
9 ஆகஸ்ட் 2025

ஃபர்ஸானா,

‘மதினி கோவப்படாதீங்க’ வரைக்கும் வாசிச்சிட்டுப் பேப்பரை மடிச்சு அரிசி டப்பாவுக்குள்ள வச்சிட்டேன். மிச்சத்தை மறுநாள்தான் வாசிச்சேன்.

உனக்கு ஒண்ணு தெரியாது. அவளும் நானும் கொஞ்ச காலமாப் பேச்சில்ல. குழாயடியில சண்டை. பேச்சிராஜா செருப்பு ஒரு சோடி அவ வாசல்ல கெடக்கும்லா? லாரி ஏறுன அன்னைக்கு ஷூ போட்டுக்கிட்டு அதை விட்டுட்டுப் போனான். தெனம் சாயங்காலம் அதைத் தூசி தட்டி, வீட்டைப் பாத்துத் திருப்பி வைப்பா. இப்பத்தான் உள்ள போனவன் கழத்திப் போட்ட மாதிரி. எனக்கு அதைப் பாக்கப் பாக்க வயிறு எரியும். அன்னைக்குக் குழாயடியில சொல்லிட்டேன். ஏட்டி கோட்டிக்காரி, அவன் செத்துட்டான், அந்தச் செருப்பைத் தூக்கிக் குப்பையில போடு, எனக்குக் கக்கூஸ் உள்ள வச்ச வீடு வேணும், பொதுக் கக்கூஸ்ல வரிசையில நிக்க என் முட்டி ஒத்துக்கிடலன்னு சொன்னேன். அவ சும்மா நின்னாளாக்கும்? “உங்க முட்டிக்காக என் மவன் சாகணுமா மதினி?”ன்னு கேட்டுட்டு, நெறஞ்ச குடத்தை என் கால்லயே கவுத்திட்டுப் போனா.

மறுநாள் என் வாசல்ல மீன் கொழம்பு இருந்துச்சு. மேல தட்டு மூடி. பேச்சு இல்ல, ஆனா கொழம்பு வந்துச்சு. வெறுங்கிண்ணமாத் திருப்பக் கூடாதேன்னு நானும் ரெண்டு வாழைக்காயப் போட்டு அவ வாசல்ல வச்சேன். இப்படித்தான் எங்களுக்குள்ள. அவ சொல்லுறது எனக்கு இன்னைக்கும் ஒப்புதல் இல்ல. என் தம்பி மவன் போய்ச் சேந்துட்டான். வீடு வேணும். இதை அவ மூஞ்சிக்கு நேரா நூறு தடவை சொல்லுவேன். அவளும் நூறு தடவை தண்ணிய ஊத்துவா.

உங்க உம்மாவைத் திட்டினவன் எழுத்து போச்சுன்னு எழுதியிருக்க. ஆமா, முத்தம் குடுத்தேன், இல்லன்னு சொல்லல. எழுத்துதான் போச்சு, அவன் எங்க போனான்? தெனம் காலையில உங்க கடைக்கு முன்னால நின்னுதான் பல் வெளக்குதான். உங்க உம்மா அவனைத் தாண்டித்தான் பால் வாங்கப் போறா. அன்னைக்கே அவ வெளிய வந்து ஏன்டா நாயேன்னு கேட்டிருந்தா ஒரு நாளோட முடிஞ்சிருக்கும். திட்டு வாங்குனவ திருப்பித் திட்டலாம். கட்டைவிரலை என்னன்னு திருப்பித் திட்ட?

பேரைத் தர மாட்டியாக்கும். சரி. எனக்குக் கால் இருக்கு, வாய் இருக்கு. வீடு வீடாப் போயிக் கேட்டுக்கிடுதேன்.

அந்தச் செருப்பைப் பத்தி இன்னொண்ணு. போகும்போது அதை வெளிய பாத்துத் திருப்பி வச்சிட்டுப் போயிருக்கா. நான் தொடல. அந்தப் பக்கம் போகும்போது கண்ணை மூடிக்கிடுதேன். ஆனா மழை சொட்டுனா டிங்கு டிங்குன்னுதான் காதுல விழுது.

முப்பிடாதி


ஐதராபாத்
21 ஆகஸ்ட் 2025

ஆச்சி,

பொத்தானை எடுத்துட்டேன். கவுந்த விரலு, அதோட எண்ணிக்கை, தானா மறைக்கிற வேலை, எல்லாம். ஒருத்தர் எழுதினது பிடிக்கலைன்னா இனிமே கீழ வார்த்தையா எழுதணும், பேரோட. இல்லன்னா சும்மா தாண்டிப் போகணும். வேற வழி இல்ல.

உடனே கம்ப்ளெயின்ட் வந்தது. வானமாமலை மாமா நீளமா வாய்ஸ் அனுப்பியிருக்கார். “ஏம்மா, பேரு போட்டு எழுதுனா நாளைக்கு டீக்கடையில எப்படி மூஞ்சியப் பாக்கறது?”ன்னு கேக்கறார். பாத்துதான் ஆகணும் மாமான்னு சொன்னேன். இங்க ஆஃபீஸ்ல ஒரு மீட்டிங்ல கூட நான் இதுக்கு ஒத்துக்க மாட்டேன்னு வாயைத் திறந்து சொன்னது இல்ல ஆச்சி. அதையும் சொல்லிடறேன்.

இப்ப எழுதப்போறதை எழுதலாமா வேண்டாமான்னு ஒரு வாரமா யோசிச்சேன். பொத்தானை எடுக்க உள்ள போனப்ப பாத்தேன். பூமாரி அத்தை பேர் பக்கத்துல பச்சைப் புள்ளி எரிஞ்சுது. மதியம், நான் சாப்பிட உக்காந்த நேரம். யாராவது ஆப்பைத் திறந்து வச்சிருந்தாதான் அது எரியும். கொஞ்ச நேரம் இருந்தது, அணைஞ்சிருச்சு. அவங்க போனைக் கல்லியில யார்கிட்டயும் குடுத்துட்டுப் போகலைதானே? உம்மாகிட்ட கேட்டேன், இல்லைன்னாங்க. அப்படின்னா அது அவங்கதான். எங்கயோ உக்காந்து நம்ம கல்லியைப் பாத்துக்கிட்டு இருக்காங்க.

எங்க இருந்துன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கற மாதிரி நான் கட்டல.

பேரு தர மாட்டேன்னு சொன்னேன். ஒரு பேரைப் பத்தி மட்டும் சொல்றேன், அது யாரையும் காட்டிக்குடுக்கறது ஆகாது. அழுத்தினவங்கள்ல உங்க பேரு இல்ல. எனக்கு அது தெரியும். அத்தைக்குத் தெரியாது. அவங்க போன்ல எண்ணிக்கை மட்டும்தான் தெரியும்.

ஃபர்ஸானா


தாராவி
5 செப்டம்பர் 2025

ஃபர்ஸானா,

நீ எழுதினதை வாசிச்சதும் எனக்கு முந்தானை ஞாபகம்தான் வந்துச்சு. அவ என் முந்தானையப் பாத்தாளே. உள்ள போனை வச்சு அழுத்துதேனான்னு பாத்திருக்கா. குழாயடியில கத்துன வாயி இப்ப ஒளிஞ்சு குத்துதுன்னு நெனச்சிருக்கா. என் ரெண்டு கையும் குளிருக்கு ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு ஃபர்ஸானா. எடுத்துக் காட்டியிருந்தா சந்தேகம் போயிருக்கும். எதுக்குப் பாக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?

வீடு வீடாப் போனேன். கேளு.

முதல்ல கலைச்செல்வி. மாவு ஆட்டிக்கிட்டு இருந்தா. நீ அழுத்துனியான்னு கேட்டேன். கிரைண்டரை நிப்பாட்டிட்டு, “ஆமா ஆச்சி, அழுத்துனேன். என் மக வயசுக்கு வந்துட்டா. இருட்டுறதுக்கு முன்னால கக்கூஸ் போயிட்டு வந்துருடின்னு தெனம் அவளைத் தொரத்துதேன். எனக்கு அந்த வீடு வேணும். பூமாரிக்காகக் காத்திருக்க என்னால முடியாது. இதை அவகிட்டயே சொல்லுவேன்”ன்னா. பின்ன ஏன்டி சொல்லலன்னேன். “பொத்தான் இருந்துச்சு, அழுத்திட்டேன்”ன்னா. அவ மேல எனக்குக் கோவம் வரல. ரெண்டு இட்லி குடுத்தா, தின்னுட்டு வந்தேன்.

உதுமான் கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டு, “அதை அமுக்கினா எழுத்து பெருசாகும்னு நெனச்சேன் ஆச்சி. பெருசாகல. அதான் ரெண்டாவது தடவையும் அமுக்கினேன்”னாரு. ரெண்டாவது அமுக்கு சேராதாம், உங்க உம்மா சொன்னா. இப்படியாப்பட்ட ஆளுகிட்டத்தான் அம்புட்டு வருசமா நான் ஜாக்கெட்டு தைக்கக் குடுக்கேன்.

உங்க உம்மா. வெங்காயம் உரிச்சுக்கிட்டே இருந்தா. அப்புறம் கேட்டா: “ஆச்சி, மவனைக் காணோம்னு ஒரு தாய் எழுதியிருக்கா. அதுக்குப் போயிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டவா? நம்ம ஊர்ல மய்யித்து வீட்டுல யாராவது சபாஷ் சொல்லுவாங்களா? தலைய தொங்கப் போடுற மாதிரி அந்த விரலும் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. துக்கத்துக்கு இதுதான்னு நெனச்சு அழுத்தினேன். எங்க வரிசையில இருக்கிற பொம்பளைங்க எல்லாரும் அப்படித்தான்.”

அதுக்கப்புறம் போன வீட்டுல எல்லாம் இதேதான். அவங்க அடுத்த வீட்டு ஷைஸ்தா அம்மாவும் அதேதான். குழாயடி வீட்டுக்காரி அதேதான், அழுதுக்கிட்டே அழுத்தினாளாம். அவளுக்காக அழுத அழுகை அம்புட்டும் அவ போன்ல பிடிக்கலைன்னு போயி விழுந்திருக்கு. அவ பக்கம் இருந்தவங்கதான் ஃபர்ஸானா அவளை மறைச்சிருக்காங்க. பெரும்பாதி அவங்கதான்.

கடைசியா வானமாமலை. அவன் கல்யாணத்துல எனக்குப் பந்தியில இலை போடல, அது தனி. எதுக்குல அழுத்துனன்னு கேட்டேன். “எண்ணிக்கை ஏறிக்கிட்டே போச்சு ஆச்சி. எல்லாரும் ஒரு பக்கம் போறாங்க, செக்ரட்டரி நான் மட்டும் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?”ன்னான். அவளுக்கு எதிரா ஒண்ணும் இல்லையாம். வீடு வேணும்னுகூட அவ்வளவா இல்லையாம். எல்லாரும் போனாங்க, போனான். அங்க இருந்து எழுந்து வரும்போது என் செருப்பையே அடையாளம் தெரியாம மாத்திப் போட்டுக்கிட்டு வந்துட்டேன்.

தீபாவளி முடிஞ்சதும் இடிக்காங்களாம். அவ கதவுல சிவப்புப் பெயின்ட்ல நம்பர் போட்டுட்டாங்க.

அவ எழுதினதைத் திரும்ப வெளிய கொண்டு வா. இந்தப் பொம்பளைங்க வாயால சொன்னதை விரலால எழுதட்டும்.

முப்பிடாதி


ஐதராபாத்
16 செப்டம்பர் 2025

அன்புள்ள ஆச்சிக்கு,

உம்மா அப்படி நெனச்சாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. என் வீட்டுலயே, என் உம்மா. கட்டைவிரல் கவுந்தா என்ன அர்த்தம்னு உலகத்துக்கே தெரியும்னு நெனச்சு யார்கிட்டயும் கேக்காம விட்டுட்டேன்.

அத்தை எழுதினதைத் திரும்பக் கொண்டு வந்துட்டேன். மேல, எல்லார் கண்ணுலயும் முதல்ல படற மாதிரி. கீழ எழுதிக்கிட்டே இருக்காங்க. உம்மா எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதியிருக்காங்க: “பூமாரி நான் துக்கத்துல அழுத்தினேன். நீ வந்தா என் வீட்டுல இரு.” உதுமான் சாச்சா வாய்ஸ் போட்டிருக்கார், பாதி இருமல். கலைச்செல்வி அக்கா நேராவே எழுதியிருக்காங்க: “எனக்கு வீடு வேணும். நீ சொல்றதுக்கு நான் எதிர்தான். ஆனா நீ இல்லாம எனக்குக் குழாயடியில சண்டை போட ஆளில்ல.”

எழுதின நாள் மதியமே பச்சைப் புள்ளி வந்தது ஆச்சி. நான் வேலையை விட்டுட்டு அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். ரொம்ப நேரம் இருந்தது. பதில் எழுத ஆரம்பிச்சா மூணு புள்ளி ஆடும். ஆடிச்சு. நின்னுது. திரும்ப ஆடிச்சு. ஒரு வார்த்தையும் வரல. அணைஞ்சிருச்சு.

மறுநாளும் வந்தது. அதே நேரம். வந்து போகுது. எழுதறது இல்ல. ஆஃபீஸ்ல என் பக்கத்துல இருக்கற பொண்ணு, யாருக்காகக் காத்திருக்கன்னு கேட்டா. உயிரோட இருக்கற ஒருத்தரைப் பாத்து இப்படிப் பயப்படுவேன்னு நெனச்சது இல்ல. நான் ஏதாவது எழுதினா ஓடிருவாங்களோன்னு கை வரல.

எல்லாரும் சொல்லியாச்சு, நீங்க மட்டும்தான் சொல்லல. அவங்க உங்களுக்குத்தான் காத்திருக்காங்கன்னு தோணுது. மதினின்னு முறை சொல்லி எழுதினது உங்களை மட்டும்தானே. போன் வேண்டாம்னா விடுங்க. பேப்பர்ல எழுதி அனுப்புங்க. நான் உங்க பேர்ல அப்படியே போடறேன். ஒரு எழுத்தும் மாத்த மாட்டேன்.

ஃபர்ஸானா


தாராவி
28 செப்டம்பர் 2025

ஃபர்ஸானாவுக்கு,

போன ஞாயித்துக்கிழமை கூட்டம் போடச் சொன்னேன். மழை இருந்துச்சு, இருக்கட்டும்னேன். வந்தவங்க குடையப் பிடிச்சுக்கிட்டு வெளிய நின்னாங்க. போனை எல்லாம் ஒரு கூடையில போடச் சொல்லி உங்க உம்மாகிட்டக் குடுத்தேன்.

நான் எந்திரிச்சேன். முட்டி கடகடன்னுச்சு. சொன்னேன்: எனக்கு வீடு வேணும். பூமாரி சொல்லுறதுக்கு நான் எதிரு. என் தம்பி மவன் வரமாட்டான். ஆனா அவ போட்ட கையெழுத்து சம்மதம் இல்ல. தன் பக்கம் ஒரு நாதியும் இல்லன்னு நெனச்சுப் போட்ட கையெழுத்து. அவ தாளைத் தனியா எடுத்து வை வானமாமலை. அவ வந்து வாயால சொன்னாத்தான் அதைச் சேக்கணும். இதுதான் என் மறுப்புன்னேன்.

கலைச்செல்வி பொசுக்குனு எந்திரிச்சா. “அவ வராமலே போயிட்டா? என் மக கெழவியாகுற வரைக்கும் காத்திருக்கவா?”ன்னு கத்துனா. நானும் கத்துனேன். உன் மகளுக்கு வீடு வேணும்னா அவ மவனுக்கு வாசல் வேணும்டின்னேன். “நீங்கதான ஆச்சி அவன் செத்துட்டான்னு சொன்னது?”ன்னு கேட்டா. ஆமா சொன்னேன், இன்னும் சொல்லுவேன், நான் சொன்னா ஆச்சா, பெத்தவ சொல்லணும்லான்னேன். உதுமான் குறுக்க வந்து ரெண்டு பேருக்கும் பொதுவா இருமுனாரு. உங்க உம்மா கூடையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, காத்திருக்கலாம்னு ரெண்டே வார்த்தை சொன்னா. அவ கூட்டத்துல வாய் தொறந்தது அதுதான் முதல் தடவை. கடைசியில கலைச்செல்வி, “பொங்கல் வரைக்கும். அதுக்கு மேல ஒரு நாள் கூட மாட்டேன்”ன்னு சொல்லிட்டு உக்காந்தா. வானமாமலை எல்லாரையும் மாறி மாறிப் பாத்தான். எந்தப் பக்கம் ஆள் ஜாஸ்தின்னு அவனுக்குத் தெரியல பாவம். ஒருவழியா அந்தத் தாளை எடுத்துத் தனியா மடிச்சான்.

உங்க வாப்பா கெட்டிலோட வந்தாரு. இந்தத் தடவை அவருக்குத் தெரிஞ்சுது. முதல் கிளாசை என்கிட்ட நீட்டுனாரு. நான் குடிக்கல. கிளாசைக் கையில பிடிச்சுக்கிட்டு அவ வாசலுக்குப் போனேன். பின்னால ஒருத்தரும் வரல. அந்தச் செருப்பு வெளிய பாத்தபடியே பூஞ்சை பிடிச்சுக் கெடந்துச்சு. தொடமாட்டேன்னு இருந்தவ குனிஞ்சு எடுத்தேன். முந்தானையால தொடச்சு, வீட்டைப் பாத்துத் திருப்பி வச்சேன். அவன் செத்துட்டான்னுதான் இப்பவும் சொல்லுதேன். திருப்பி வச்சேன். டீயை அதுக்குப் பக்கத்துல வச்சிட்டு வந்தேன். உங்க வாப்பா இப்ப தெனமும் கடை திறந்ததும் முதல் கிளாசை அங்க கொண்டு போயி வைக்காரு. ஏன்னு யாரும் கேக்கல. ஆறிப்போனதைச் சாயங்காலம் நான் கொட்டுதேன்.

நீ எழுதச் சொன்னதை இதுக்குக் கீழ எழுதுதேன். ஒரு எழுத்து மாத்தாத. அந்தப் பச்சை வெளக்கு எரியிற நேரம் பாத்துப் போடு. பேரு தெரியாம எதுவும் எழுதின பழக்கம் எனக்கில்ல, என் பேரை மேலயே போட்டுரு.

பூமாரிக்கு உன் மதினி முப்பிடாதி சொல்லுறது.

நீ எழுதினதை வாசிச்சேன். எனக்கு ஒப்புதல் இல்ல. அதைக் குழாயடியிலயே சொல்லிட்டேன், புதுசா ஒண்ணும் இல்ல. உன் தாளைத் தனியா வச்சிருக்கு. பொங்கல் வரைக்கும் உன் சுவத்துல ஒருத்தனும் கை வைக்க மாட்டான். வச்சா நான் குறுக்க படுத்துக்கிடுவேன், முட்டி எப்படி இருந்தாலும்.

அன்னைக்கு அழுத்தினவங்க எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. நூர் நிஷாவை மன்னிக்க ஒண்ணுமே இல்ல, அவ உனக்காக அழுதா. உதுமானை மன்னிச்சாச்சு, அவருக்குக் கண் தெரியல. கலைச்செல்வியை மன்னிச்சாச்சு, அவளுக்கு வீடு வேணும். வானமாமலைக்குப் பந்தியில இலை போடாத பழி இருக்கு, அதை வச்சிருக்கேன், இதை விட்டுட்டேன். பொத்தானை வச்ச புள்ளையையும் மன்னிச்சாச்சு, அவ எடுத்துட்டா.

ஒருத்திய மட்டும் மன்னிக்க மாட்டேன். என் கூட அம்புட்டு வருசம் ஒரே குழாயில தண்ணி பிடிச்சவ. என் கால்ல குடத்தைக் கவுத்துனவ, மறுநாள் கொழம்பு வச்சவ. அன்னைக்கு எழுந்து வந்து என் முந்தானைய ஒதறிப் பாத்திருக்கலாம். உள்ள வெறும் கைதான் இருந்துச்சு. பாக்காமப் போயிட்டா. முப்பிடாதி மூஞ்சிக்கு நேரா சொல்லாம ஒரு விரலுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிடுவான்னு நம்பிட்டா. அந்த எண்ணிக்கையில என்னையும் சேத்து எண்ணிட்டா. செத்தாலும் இதை மறக்க மாட்டேன். அவளுக்கு இதுல மறுப்பு இருந்தா இங்க வந்து, என் முன்னால எந்திரிச்சு நின்னு சொல்லட்டும்.

நான் மன்னிக்காதவ பேரு பூமாரி.